செப்பனிடுதல்: மிதிவண்டிச் சட்டமும் புதிய உறுப்புகளும்

பழுதுபார்த்தலைத் தமிழில் செப்பனிடுதல் என்றும் கூறுவர். செம்மை என்னும் பண்பை அடியாகக் கொண்டு பிறந்த சொல் செப்பம். நேர்மை, நடுநிலை, ஒழுங்கு எனப் பல பொருள் அதற்கு உண்டு. எனினும் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது கோணலின்மை என்னும் ஒரு பொருளே. ஆகவே, ஒன்றைச் செப்பனிடுதலாவது, கெட்ட உறுப்பைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுதல் மட்டும் அன்று. கோணியதை நேராக்குதலே ஆகும். இதற்கு மறுதலை கோட்டம். திருக்குறளில் நடுவுநிலைமை அதிகாரத்து 119-ஆம் குறளில் இவ்விரு சொற்களும் எதிரெதிரே நிற்பதைத் தமிழாசிரியர்கள் அறிவர். சொல்லில் கோணல் இல்லாதிருக்க வேண்டுமானால் உள்ளத்தில் கோணல் இருத்தலாகாது என்பது அங்கே பெறப்படும் கருத்து. வளைந்த சைக்கிள் சக்கரத்தைக் கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் நேராக்கும் வேலைக்குக் கடைக்காரர்கள் இட்ட பெயரும் ‘கோட்டம் எடுத்தல்’ என்பதே. வள்ளுவர் ஆண்ட சொல்லை எண்ணெய்க் கறை படிந்த கைகள் இன்றளவும் காத்து வருகின்றன.

சக்கரத்தின் கோட்டம் கண்ணுக்குத் தெரியும்; ஆதலால் அதை எடுத்துவிடுகிறோம். அதைத் தாங்கி நிற்கும் சட்டத்தின் கோட்டமோ கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. சட்டம் என்னும் சொல்லைத் தமிழர் இரண்டு பொருளில் வழங்குகின்றனர். கதவுக்கும் படத்துக்கும் சட்டம் உண்டு. நாட்டுக்கும் சட்டம் உண்டு. பின்னர் வருவன எல்லாம் தனக்குள் அடங்கி நிற்குமாறு முன்னரே நிறுத்தப்பட்டது எதுவோ அது சட்டம். மிதிவண்டியில் இந்தப் பொருள் சிறிதும் பிசகாமல் பொருந்தும். புதிய அச்சும், புதிய கிண்ணங்களும், புதிய சக்கரமும் சட்டத்தின் கோணலுக்கு ஏற்பத் தாமும் கோணுமேயன்றி, அதனைத் திருத்த மாட்டா. விலையுயர்ந்த உறுப்பு விரைவில் தேய்ந்துபோவதும், புதிதாக மாட்டிய ஒரு மாதத்துக்குள் கடகடவென்று ஒலி எழுவதும் பெரும்பாலும் இதனால்தான். வாங்கிய பொருள் போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் சட்டத்தை ஒரு முறை பார்ப்பது நன்று.

ஜொகூர் மாநிலத்தில் இந்த ஆராய்ச்சிக்கு இடம் உண்டு. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய், கோத்தா திங்கி வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், லயத்துக் குடும்பத்தின் முதற்சொத்து சைக்கிளாகவே இருந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து மரம் வெட்டும் காட்டுக்கும், பால் நிறைந்த வாளிகளோடு ஸ்டோருக்கும், மாலையில் பட்டணத்துக் கடைக்கும் அது போய் வந்தது. செம்மண் பாதை, ஆண்டு முழுதும் மழை, பின்னால் அரிசி மூட்டை, முன்தண்டில் பிள்ளை. இத்தனையையும் தாங்கிய வண்டிகள் அவை. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின, பல வீட்டுமனைகளாயின, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன. வண்டிகள் மட்டும் கொட்டகை மூலைகளில் எஞ்சின. இப்பொழுது அவற்றைத் தேடி எடுத்துப் புதுப்பிப்போர் எல்லா இனத்தாரிலும் பெருகியுள்ளனர். மலாய்க்காரர் ‘பாசிக்கால் துவா’ என்று அன்போடு குறிப்பிடும் இப்பழைய வண்டிகளுக்கு வண்ணம் பூசுவதிலும், பளபளக்கும் புதிய உறுப்புகளை மாட்டுவதிலும் காட்டப்படும் ஆர்வம், அதற்கு முன் செய்யவேண்டிய வேலையில் காட்டப்படுவதில்லை.

பழைய சட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்த அளவின என்னும் நம்பிக்கைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1941 டிசம்பரில் மலாயாவின் வடக்கே இறங்கிய ஜப்பானியப் படை 1942 ஜனவரி 31-க்குள் ஜொகூர் பாருவை எட்டியது. அதன் காலாட்படை பெரும்பாலும் சைக்கிளில் வந்தது. அப்படையெடுப்பைத் திட்டமிட்டவருள் ஒருவரான கர்னல் மசனோபு சுஜி பின்னாளில் எழுதிய நூலில், ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 6,000 சைக்கிள்கள் இருந்தன என்றும், ஒவ்வொரு கம்பெனிக்கும் குறைந்தது இரண்டு பழுதுபார்ப்போர் அமர்த்தப்பட்டனர் என்றும், அவர்கள் நாளொன்றுக்கு 20 வண்டிகள் அளவில் சரிசெய்ய நேர்ந்தது என்றும் கூறுகிறார். போருக்கு முன்னரே ஜப்பானிய சைக்கிள்கள் இப்பகுதி எங்கும் விற்பனையாகியிருந்ததால், மாற்று உறுப்புகளும் வண்டிகளும் வழியெங்கும் கிடைத்தன. மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவையும் அவற்றுள் அடங்கும் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. டயர் வெடித்தபின் வெறும் ரிம்மிலேயே ஓட்டிச் சென்றபோது எழுந்த ஓசை, இருளில் டாங்கிகள் வருவதுபோல் கேட்டதாம். போருக்கு அது போதும். வண்டி நாளை என்னவாகும் என்ற கவலை படைக்கு இல்லை. உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கோ அந்தக் கவலைதான் முதற்கவலை.

நூல் பிடித்துப் பார்த்தல்

சட்டத்தை ஆயத்தம் செய்வதற்கு முதலில் எல்லா உறுப்புகளையும் கழற்றிவிட வேண்டும். பின்னர் மண்ணெண்ணெயால் பழைய கிரீஸைக் கழுவித் துடைத்து, பகல் வெளிச்சத்தில் குழல்கள் கூடும் இடங்களைப் பார்க்க வேண்டும். முன்பக்கத் தலைக்குழலின் கீழே, சாய்ந்து இறங்கும் குழலின் அடிப்புறத்தை விரலால் தடவினால், முன்பு எங்காவது மோதிய வண்டியில் மெல்லிய மடிப்பு ஒன்று தட்டுப்படும். வண்ணம் அவ்விடத்தில் குறுக்காக வெடித்திருக்கும். அத்தகைய சட்டத்துக்குப் புதிய உறுப்பு வாங்கும் செலவு வீண். அதைச் சுவரில் மாட்டி நினைவாக வைத்துக்கொள்ளலாம். ஏறி ஓட்டுவது ஆபத்து.

மடிப்பும் வெடிப்பும் இல்லையெனில் நூல் பிடிக்கலாம். பின்சக்கர அச்சு வந்து அமரும் இரண்டு காதுகளில் இடப்பக்கத்துக் காதில் முறுக்கேறிய நூலொன்றைக் கட்டி, முன்னே கொண்டுபோய்த் தலைக்குழலைச் சுற்றி, வலப்பக்கத்துக் காதுக்குத் திருப்பிக் கொணர்ந்து விறைப்பாகக் கட்ட வேண்டும. இருக்கையைத் தாங்கும் குழலின் இருபுறமும் நூல் ஓடும். குழலுக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இடத்திலும் வலத்திலும் அளவுகோலால் அளந்தால், இரண்டும் ஒத்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மூன்று நான்கு மில்லிமீட்டர் என்றால் பின்பகுதி ஒருபக்கம் வாங்கியிருக்கிறது என்பது பொருள். இவ்வண்டியில் கையை விட்டு ஓட்டினால் அது ஒருபக்கமாகவே இழுக்கும். எத்தனை முறை கோட்டம் எடுத்தாலும் சக்கரம் நடுவில் நில்லாது. கொத்தனாரும் தச்சரும் நாள்தோறும் செய்யும் இச்சோதனைக்கு ஐந்து காசு செலவு இல்லை. எனினும் முறுக்கத்தை நூல் காட்டாது. அதற்கு, சட்டத்தின் முன்னே சற்றுத் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலைக்குழலும் இருக்கைக்குழலும் ஒன்றன்பின் ஒன்று மறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று மற்றொன்றின் பின்னிருந்து சாய்ந்து எட்டிப் பார்த்தால் சட்டம் முறுகியுள்ளது.

எஃகுச் சட்டமாயின் இக்கோட்டத்தை நெருப்பில் காட்டாமலே, நீண்ட மரச்சட்டத்தை நெம்புகோலாகக் கொண்டு சிறிது சிறிதாக வளைத்து எடுத்துவிடலாம். எஃகு வளையும்; வளைத்த இடத்தில் நிற்கும். அலுமினியத்துக்கு இப்பொறுமை இல்லை. அது வெடிக்கும், உடனே வெடிக்காவிடினும் பின்னொரு நாள் வெடிக்கும். கார்பன் இழைச் சட்டத்தை வளைப்பது பற்றிப் பேச்சே இல்லை. பின்காதுகளின் இடைவெளியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பழைய தோட்டத்து வண்டிகளில் அது 110 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும். பல பற்சக்கரம் கொண்ட இக்காலத்துப் பின்சக்கரங்களோ 130 அல்லது 135 மில்லிமீட்டர் கேட்கும். இவற்றை அந்தக் காதுகளுக்கிடையே பலவந்தமாக நுழைத்து நட்டை முடுக்கிவிடுவாரும் உளர். அப்போது காதுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நில்லாமல் விரிந்து நிற்கும். நட்டு இறுகும்போதெல்லாம் அச்சு வளையும். சில மாதங்களில் முறியும். விரிக்க வேண்டுமானால் இருபுறமும் ஒரே அளவாக விரித்து, பிறகு காதுகளை மீண்டும் இணையாக்க வேண்டும். இத்தனை அகலத்துக்கு விரிப்பதைவிட, பழைய அளவுக்கு ஏற்ற சக்கரத்தைத் தேடுவதே அறிவுடைமை.

இருபத்துநான்கும் இருபத்தாறும்

அடுத்து வருவது மரை. இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை இதுவே. பெடல் அச்சு கிடக்கும் குறுக்குக்குழலை அச்சுக்குழல் என்று வைத்துக்கொள்வோம். அதன் இருவாயிலும் உட்புறம் மரை வெட்டப்பட்டிருக்கும். அதில் எஃகுக் குண்டுகள் ஓடும் கிண்ணங்கள் திருகி அமர்கின்றன. இங்கிலாந்து முறைப்படி இம்மரையின் விட்டம் 1.37 அங்குலம், ஓர் அங்குல நீளத்தில் 24 புரிகள். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்களும் இங்கிலாந்து மரபையொட்டியே வண்டிகள் செய்தன. ஆனால் நாட்டிங்ஹாம் நகரத்து ராலே நிறுவனம் தனிவழி சென்றது. அதன் வண்டிகளில் அங்குலத்துக்கு 26 புரிகள். ரட்ஜ், ஹம்பர் என்னும் பழைய பெயர்களையும் அந்நிறுவனம் பின்னாளில் வாங்கிக்கொண்டதால், அங்கே செய்யப்பட்ட அப்பெயர் வண்டிகளிலும் பெரும்பாலும் 26 புரியே. தோட்டத்து மக்கள் உயர்வாக மதித்து வாங்கியவை இந்த ‘ராலி’ வண்டிகளே என்பதுதான் சிக்கல்.

24 புரிக் கிண்ணத்தை 26 புரிக் குழலில் திருகினால் என்ன நேரும்? விட்டம் ஏறக்குறைய ஒன்றே ஆதலால் முதல் இரண்டு மூன்று சுற்றுகள் ஏறும். பிறகு இறுகும். பள்ளிக் கணக்காகவே இதைப் பார்க்கலாம். அரை அங்குலம் உள்ளே செல்லும்போது கிண்ணத்தில் 12 புரிகள், குழலில் 13. ஒரு முழுப் புரி மிகுகிறது. அந்த ஒன்று எங்கே போகும்? நீண்ட ஸ்பேனரால் முடுக்கினால், இரண்டில் மென்மையானது அழியும். பெரும்பாலும் அழிவது குழலின் மரை. கிண்ணம் அழிந்தால் சில வெள்ளியில் வேறு வாங்கலாம். குழலின் மரை அழிந்தால் சட்டமே போயிற்று என்க. நாட்டிங்ஹாமில் ராலே வண்டிகள் செய்வது நின்று 20 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. புதுச்சட்டம் தர அங்கே எவரும் இல்லை. இவ்வாறு அழிந்தவற்றுள் பல, பாட்டனார் கையால் துடைத்து எண்ணெயிட்டு வைத்தவை. பேரப்பிள்ளைகள் ஆசையோடு புதுப்பிக்கப் புகுந்தவை.

இதைத் தவிர்க்க வழி எளிது. கழற்றிய பழைய கிண்ணத்தை எறியாமல், புதிய கிண்ணத்தோடு மரையும் மரையும் பொருந்துமாறு சேர்த்து வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்றின் புரி மற்றதன் பள்ளத்தில் இடைவெளியின்றி அமர்ந்தால் இரண்டும் ஓரினம். வெளிச்சம் கசிந்தால் வேற்றினம். வேற்றினமாயின் பழைய கிண்ணத்தையே கழுவி, புதிய குண்டுகள் மட்டும் இட்டு ஓட்டலாம். பழைய கிண்ணங்களின் எஃகு அவ்வளவு எளிதில் தேய்வதன்று.

மரையில் இடம், வலம் என்னும் வேறுபாடும் உண்டு. இங்கிலாந்து முறையில் இடப்பக்கத்துக் கிண்ணம் எல்லாத் திருகாணிகளையும்போல் வலஞ்சுழியாகத் திருப்பினால் இறுகும். சங்கிலி ஓடும் வலப்பக்கத்துக் கிண்ணமோ இடமரை. இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். இதை அறியாது, கழற்றுவதாக எண்ணிக்கொண்டு, சுத்தியலும் உளியும் கொண்டு மேன்மேலும் இறுக்கி மரையைப் பாழாக்கியோர் பலர். (சங்குகளிலும் இத்தகைய பெயர் மயக்கம் ஒன்று உண்டு. கிடைத்தற்கரிய வலம்புரிச் சங்கின் சுருள், திருகாணிக் கணக்கில் இடமரையாகும். கடற்கரையில் மிகுதியாகக் கிடைக்கும் இடம்புரியின் சுருளே சாதாரணத் திருகாணியை ஒத்தது. முன்னோர் சங்கை எம்முனையிலிருந்து நோக்கினர் என்பதைப் பொறுத்தது பெயர். ஆக, சங்கிலும் திருகிலும் அரியது ஒன்றே.)

இடமரை எதற்கு? மாணவர்க்கு இதை ஒரு மூங்கில் துண்டும் கரிக்கோலும் கொண்டு காட்டலாம். கரிக்கோலைவிடச் சற்றே அகன்ற துளையுள்ள மூங்கிலில் அதைச் செருகி, துளையின் உட்சுவரை அழுத்தியவாறே அதன் நுனியை வலஞ்சுழியாக வட்டமிடச் செய்தால், கரிக்கோல் தன்னளவில் இடஞ்சுழியாக உருளக் காணலாம். பெடலை மிதிக்கும்போது, அச்சைச் சுற்றி ஓடும் குண்டுகளின் அழுத்தமும் கிண்ணத்துக்குள் இவ்வாறே இடம் மாறிச் சுற்றி வருகிறது. வலப்பக்கம் நின்று பார்ப்பவர்க்கு அச்சு வலஞ்சுழியாகச் சுற்றும். கிண்ணமோ மயிரிழை மயிரிழையாக இடஞ்சுழியாக நகர முற்படும். அங்கே சாதாரண மரை இருந்தால் நாளடைவில் தானே கழன்றுவிடும். இடமரையாயின் மிதிக்க மிதிக்க இறுகும். இத்தாலி நாட்டு முறையில் இரு பக்கமும் சாதாரண மரையே. அவ்வண்டிகளின் வலக்கிண்ணம் தளர்வது பெயர்போன குறை. ‘மரை கழன்றவன்’ என்று சிலரைச் சொல்லும் வழக்கு எந்தப் பக்கத்து மரையைக் கருதியது என்பதை ஆராய்ந்தார் இலர்.

வண்ணமும் முகமும்

மரையின் இனம் தெரிந்தபின் அதைத் தூய்மை செய்ய வேண்டும். துருவைவிடப் பெரும்பகை வண்ணம். புதிதாக வண்ணம் பூசுவோர், குறிப்பாகத் தூள் வண்ணத்தைச் சூளையில் இட்டு உருக்கிப் பூசுவோர், குழலின் வாயை அடைக்காமல் பூசிவிடுகின்றனர். அது மரைக்குள் பாறைபோல் இறுகிவிடும். பூசுமுன்னரே பழைய கிண்ணங்களைத் திருகி வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை. பூசிவிட்டால், உரிய அளவின் மரை வெட்டும் டேப்பை எண்ணெயிட்டு, அரைச்சுற்று முன்னும் கால்சுற்றுப் பின்னுமாகச் செலுத்த வேண்டும். இரு பக்கத்து டேப்புகளும் ஒரே தண்டில் நேர்கோட்டில் அமைந்த கருவி நல்ல கடைகளில் உண்டு. ஒருபக்கமாகக் கையால் செலுத்தினால் மரை சாய்ந்துவிடக் கூடும். இவ்வேலைக்குக் கொடுக்கும் கூலியில் கஞ்சத்தனம் கூடாது.

குழலின் வாய்முகமும் அச்சுக்குச் செங்குத்தாகச் சமமாக இருக்க வேண்டும். கிண்ணத்தின் விளிம்பு அம்முகத்தில்தான் சாய்ந்து நிற்கிறது. முகத்தின் ஒருபுறம் வண்ணமோ பற்றவைத்த பிசிறோ மேடாக இருந்தால், கிண்ணமும் சாயும். இரு கிண்ணங்களும் ஒன்றையொன்று நேர்நோக்கா. குண்டுகள் ஓரிடத்தில் நெரிபடும், வேறிடத்தில் தளரும். தலைக்குழலின் மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் இதே விதி. அங்கே கிண்ணங்கள் திருகப்படுவதில்லை, அழுத்திச் செருகப்படுகின்றன. சுத்தியலால் ஒருபுறம் அடித்தால் கிண்ணம் கோணலாக இறங்கிக் குழலின் வாயை விரித்துவிடும். நீண்ட மரைத்தண்டு ஒன்றைக் குழலினூடே விட்டு, இருபுறமும் தடித்த வாஷரும் நட்டும் இட்டு மெல்ல முடுக்கினால், இரு கிண்ணங்களும் நேராக இறங்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொருளே போதும்.

ஜொகூரின் ஈரக்காற்றில் குழல்களின் உட்புறத்தையும் மறத்தலாகாது. மழைநீர் இருக்கைக்குழலின் வாய்வழியே இறங்கி அச்சுக்குழலில் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். சிறு துளை அடியில் இருந்தால் அதில் அடைந்த மண்ணைக் குத்தி எடுக்க வேண்டும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழல்களுக்குள் ஊற்றி, சட்டத்தை எல்லாப் பக்கமும் திருப்பி, மிகுந்ததை வடித்துவிடும் பழைய முறை இன்றும் நல்ல முறையே. இருக்கைத்தண்டுக்குக் கிரீஸ் தடவாமல் விட்டால் அது துருப்பிடித்துக் குழலோடு ஒன்றிவிடும்; அலுமினியத் தண்டு எஃகுக் குழலில் இன்னும் விரைவாகக் கவ்வும்.

சட்டத்தை மாற்றுவதும் அதைச் செப்பனிடுவதும் ஒன்றாகா என்பதையும் இம்மாநிலத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். பிரேக்கைக் கழற்றி, கைப்பிடியையும் இருக்கையையும் தாழ்த்தி, வயிறு படியக் குப்புறக் கிடந்து விரையும்படி மாற்றப்பட்ட வண்டிகளை ‘பாசிக்கால் லாஜாக்’ என்பர். 2017 பிப்ரவரி 18 அதிகாலையில் ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில் அத்தகைய வண்டிகளில் சென்ற கூட்டத்தின்மேல் கார் மோதி, பதின்ம வயதுச் சிறுவர் எண்மர் மாண்டனர். வழக்கு பல நீதிமன்றங்களைக் கண்டது. 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கார் ஓட்டியவர் விடுதலை பெற்றார். அது வேறு கதை. அச்சிறுவர் வயதினரிடம் கைத்திறன் இல்லாமல் இல்லை. ஸ்பேனர் பிடிக்கவும் கழற்றவும் மாட்டவும் அவர்கள் தாமே கற்றுக்கொள்கின்றனர். நூல் பிடிக்கவும், பிரேக் கட்டை ரிம்மில் எவ்விடத்தில் படவேண்டும் என்று பார்க்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார்தாம் வேண்டும். கைத்தொழில் வகுப்பில் பழைய சட்டம் ஒன்றை மேசைமேல் வைத்தால் இரண்டு பாடவேளைக்கு அது போதும்.

எல்லாம் ஆயத்தமானபின், உறுப்புகளைக் கருவி தொடாமல் கையாலேயே முதலில் பொருத்திப் பார்க்க வேண்டும். கிண்ணம் மூன்று விரலால் திருகக் கடைசிவரை ஏறினால் மரை செம்மையாக உள்ளது. ஏறாவிட்டால் கழற்றி மீண்டும் துடைக்க வேண்டும்; ஸ்பேனரை எடுக்கக் கூடாது. மரைக்கும் முகத்துக்கும் கிரீஸ் இட்டு, வலக்கிண்ணத்தை முழுதும் இறுக்கி, இடக்கிண்ணத்தை அச்சு ஆடாமலும் இறுகாமலும் சுற்றும் அளவுக்குச் சரிசெய்து பூட்டு வளையத்தை முடுக்கலாம். பெடல் கையை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் மட்டும் முதல் நாள் இறுக்கத்தோடு நில்லாது. 30, 40 கிலோமீட்டர் ஓடியபின் சுத்தியலால் மெல்லத் தட்டி, நட்டை இன்னொரு முறை இறுக்கிவிட வேண்டும்.